குட்டை நெல்லைத் தாயாக வையுங்கள்: கையால் நெல் கலப்பு செய்யும் முறை

நெல் தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் பயிர். அதனால் கலப்பு செய்த கதிரில் மணி பிடித்திருப்பதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. அது தந்தை மகரந்தத்தில் வந்ததா, தாய் தானே பிடித்ததா என்று பார்த்தவுடன் தெரியாது. பெற்றோரைத் தேர்ந்தெடுக்கும்போதே இதற்கு வழி செய்துவிட வேண்டும்.

டெல்டாவில் எளிதாகக் கிடைக்கும் ஜோடி ஒன்று: தாயாக ஆடுதுறை 43, தந்தையாக மாப்பிள்ளைச் சம்பா. முன்னது ஐ.ஆர். 50-ஐயும் மேம்படுத்திய வெள்ளைப் பொன்னியையும் கலந்து வந்த குட்டை ரகம், வெள்ளைச் சன்ன அரிசி. பின்னது நெட்டையாக வளர்ந்து சாயும் சிவப்பரிசி. நெட்டை ஓங்கு பண்பு, இந்தக் குட்டை ஒடுங்கு பண்பு; இரண்டும் ஒரு செடியில் சேர்ந்தால் நெட்டைதான் வெளியே தெரியும். ஆகவே முதல் தலைமுறையில் நெட்டையாக எழும் செடிதான் கலப்பு; குட்டையாக நிற்பதைப் பிடுங்கிவிடலாம். நெட்டையைத் தாயாக வைத்தால் இந்தச் சோதனை கையை விட்டுப் போய்விடும்.

அடுத்தது பூக்கும் நாள். ஆடுதுறை 43-க்கு வயது சுமார் 110 நாள், மாப்பிள்ளைச் சம்பாவுக்குச் சுமார் 160. எந்த ரகமும் அறுவடைக்கு ஏறக்குறைய 30 நாள் முன்பு பூக்கும் என்பதால், வயது வித்தியாசமே விதைப்பு வித்தியாசம். சம்பாவை ஆகஸ்ட் நடுவில் விதைத்தால், தாயைச் செப்டம்பர் கடைசியில் தொடங்கி 7 நாள் இடைவெளியில் மூன்று தடவையாக விதையுங்கள். நாட்டு ரகங்கள் பலவும் பகல் குறைந்தால்தான் பூக்கும்; குறுவையில் இந்தக் கணக்கு உதவாது. இரண்டையும் தொட்டியில் வளர்ப்பதே நல்லது. ஐப்பசி கார்த்திகை மழையில் தூக்கி உள்ளே வைக்கலாம், பூக்கும் நேரத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தலாம்.

கண்ணாடி இலையின், அதாவது கதிரை ஒட்டிக் கடைசியாக வரும் இலையின், உறையிலிருந்து பாதிக்குச் சற்று மேல் வெளிவந்த கதிர்தான் தேவை. மாலை நாலு மணிக்கு மேல் உட்காருங்கள். நுனியில் ஏற்கெனவே பூத்தவற்றையும் அடியில் இளசாக இருப்பவற்றையும் வெட்டி எறியுங்கள். நடுவில் உள்ளவற்றை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் உமிக்குள் மகரந்தப்பைகள் நிழலாகத் தெரியும். அவை பூவின் பாதி உயரத்தை எட்டியிருந்தால் சரியான பருவம். உச்சியை நெருங்கிவிட்டால் காலையில் வெடித்துவிடும், விட்டுவிடுங்கள்.

சிறு கத்தரியால் உமியின் மேல் மூன்றில் ஒரு பங்கைச் சாய்வாக வெட்டி, நுண்ணிய இடுக்கியால் ஆறு மகரந்தப்பைகளையும் எடுக்க வேண்டும். ஆறையும் எண்ணுங்கள், கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஒன்று நசுங்கினாலும் அந்தப் பூவை நீக்கிவிட்டு இடுக்கியைச் சாராயத்தில் துடையுங்கள். இறகு போன்ற இரண்டு சூல்முடிகளில் முனை பட்டால் அந்தப் பூ பதராகும். ஒரு கதிருக்கு நாற்பது ஐம்பது பூ போதும். அதற்கு மேல் கை தளரும். முடிந்ததும் வெண்ணெய்த்தாள் பையால் மூடிக் கிளிப் போடுங்கள்.

மறுநாள் வெயில் இருந்தால் ஒன்பதரைக்கு மேல் தந்தைப் பூ விரியும். மப்பாக இருந்தால் தள்ளிப்போகும். மகரந்தப்பை வெளியே நீண்டு மஞ்சளாகத் தொங்கும்போது அந்தக் கதிரை நறுக்கி, தாய்க்கதிர் மேல் தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள். நெல் மகரந்தம் ஐந்து நிமிடம் தாங்கினாலே அதிகம். பக்கத்து வயலிலிருந்து கையில் ஏந்தி வந்தால் செத்த தூளைத்தான் தூவுவீர்கள். சூல்முடி சில நாள் தாங்கும் என்பதால் அடுத்த நாளும் ஒருமுறை தூவலாம். திரும்பப் பை மாட்டி, தாய் பெயரை முதலிலும் தந்தை பெயரைப் பின்னாலும் தேதியோடு பென்சிலில் எழுதிக் கட்டுங்கள். மை கரைந்துவிடும்.

நாலைந்து நாளில் சூல் பருக்கும். 25 முதல் 30 நாளில் எடுக்கலாம். வெட்டிய உமிக்கு மேல் மணி அம்மணமாக நிற்கும், சிறுத்தும் இருக்கும். எறும்பும் பூஞ்சையும் முதலில் தேடி வருவது இதைத்தான். நிழலில் உலர்த்தி, நாற்றங்காலில் போடாமல் ஈரத்தாளில் முளைக்க வைத்து மூன்று இலையில் தொட்டிக்கு மாற்றுங்கள்.

கலப்பு மணி வெள்ளையாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். அரிசியின் மேல்தோல் தாயின் திசு; சிவப்பு, கலப்புச் செடி காய்க்கும் மணியில்தான் தெரியும்.

அந்த மணிகளை 20 × 20 செ.மீ. இடைவெளியில் ஒற்றை நாற்றாக நட்டால் ஒரு சென்ட்டில் ஆயிரம் செடி. இந்த இரண்டாம் தலைமுறையில்தான் எல்லாம் பிரியும்: கால் பங்கு குட்டை, முக்கால் பங்கு சிவப்பு. குட்டையும் சிவப்பும் சேர்ந்தது 16-க்கு 3, அதாவது ஆயிரத்தில் 187 அளவில். குட்டை அப்போதே நிலைத்துவிடும். சிவப்பில் மூன்றில் ஒன்றுதான் மாறாமல் நிற்கும். எது அந்த ஒன்று என்று செடியைப் பார்த்துச் சொல்ல முடியாது, அடுத்த தலைமுறை வரிசையில் வெள்ளை எட்டிப் பார்க்கிறதா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதனால் தேர்ந்த செடிகளைத் தனித்தனியாக அறுத்து, ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை போடுங்கள். சேர்த்து அடித்தால் இதுவரை செய்த வேலை வீண்.

ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்புத்தன்மை பாதியாகக் குறையும். ஆறாம் தலைமுறையில் சுமார் 3 சதவீதம்தான் மிஞ்சும். அதுவரை மகசூலைப் பார்த்துச் செடியைத் தள்ளாதீர்கள். ஒற்றைச் செடியின் தூர் எண்ணிக்கை மண்ணையும் இடத்தையும் பொறுத்தே மாறிவிடும். உயரம், வயது, அரிசி நிறம் ஆகியவற்றை நம்பித் தேர்வு செய்யலாம்.