மேளக்காரக் குரங்கு மறுபடி கொட்டியது

பரணைச் சுத்தம் செய்தபோது பழைய அட்டைப்பெட்டியில் என் மேளக்காரக் குரங்கு பொம்மை கிடைத்தது. ஒரு காது பாதி இல்லை. சின்ன வயதில் நானே கடித்தது. புது பேட்டரி போட்டுப் பார்த்தேன், அசையவே இல்லை. மோட்டார் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன்.

அப்புறம்தான் பேட்டரி அறையை ஒழுங்காகப் பார்த்தேன். ஸ்பிரிங் முழுக்க உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொருக்கு. எப்போதோ உள்ளேயே விட்ட அல்கலைன் பேட்டரி கசிந்திருக்கிறது. அதில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம். காரத்துக்கு அமிலம்தானே மருந்து? கையுறை மாட்டிக்கொண்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியில் வினிகரைத் தொட்டு வைத்தேன். பொசுபொசுவென்று நுரைத்தது. ஈரக்குச்சியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாளால் மெல்லத் தேய்த்ததும் உலோகம் பளிச்சென்று தெரிந்தது.

மறுபடி இரண்டு 1.5 வோல்ட் பேட்டரிகள். ஒரு தயக்கம், ஒரு முனகல், பிறகு டம் டம் டம்! இடது கை மட்டும் கொஞ்சம் பிந்தி விழுகிறது. அப்போதும் அப்படித்தான். அதைச் சரிசெய்ய எனக்கு மனசு வரவில்லை.

இப்போதெல்லாம் கொட்டி முடித்ததும் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுகிறேன்.