நியூ 3டிஎஸ்ல விளையாடுறத வயர் இல்லாம கம்ப்யூட்டர்ல பாத்து ரெக்கார்ட் பண்றது எப்படி? (புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு)

நின்டெண்டோ 3டிஎஸ்ல எச்டிஎம்ஐ மாதிரி படத்த வெளிய அனுப்புற போர்ட் எதுவுமே கிடையாது, அதனால கடையில விக்கிற சாதாரண கேப்சர் கார்டு (வெளிய வர்ற படத்த கம்ப்யூட்டருக்கு வாங்கிக் குடுக்கிற கருவி) இதுக்கு ஆகாது. கன்சோல கழட்டி போர்டுல சால்டர் வச்சு யூஎஸ்பி கேப்சர் போடுறவங்க இருக்காங்க, படம் அருமையா வரும், ஆனா செலவு ஜாஸ்தி, அத செஞ்சு தர ஆள் கிடைக்கிறதும் கஷ்டம். மிச்சம் இருக்கிற வழி வைஃபை தான். 2020 செப்டம்பர்ல தயாரிப்ப நிறுத்திட்டாங்க, 2023 மார்ச்ல ஈஷாப்ல கேம் வாங்குறதும் முடிஞ்சுது, 2024 ஏப்ரல்ல ஆன்லைன் சர்வீஸும் போயிடுச்சு, அதனால உங்க கையில இருக்கிற கேம ரெக்கார்ட் பண்ணி வைக்கணும்னு ஆசை இருந்தா தள்ளிப் போடாதீங்க.

உங்ககிட்ட எந்த மாடல் இருக்கு?

இத முதல்ல பாருங்க, ஏன்னா இந்த முறை "நியூ" மாடலுக்கு மட்டும் தான்: நியூ 3டிஎஸ், நியூ 3டிஎஸ் எக்ஸ்எல், நியூ 2டிஎஸ் எக்ஸ்எல். வலது பக்கம் சின்னதா சி-ஸ்டிக்கும், பின்னாடி இசட்எல் இசட்ஆர் பட்டனும் இருந்தா அது நியூ மாடல். காரணம் என்னன்னா பழைய 3டிஎஸ்ல ப்ராசசர் 268 மெகாஹெர்ட்ஸ் ரெண்டு கோர் தான், நியூ மாடல்ல 804 மெகாஹெர்ட்ஸ் நாலு கோர், ரேமும் 128 எம்பிக்கு பதிலா 256 எம்பி. கேம் ஓடிட்டு இருக்கும்போதே ஒவ்வொரு ஃப்ரேமையும் ஜேபெக் படமா சுருக்கி வைஃபைல அனுப்பணும், அதுக்கு இந்த எக்ஸ்ட்ரா சக்தி வேணும். பழைய மாடலுக்கு ஹெச்இசட்மாட்னு ஒரு ஸ்ட்ரீமிங் ஆப் இருக்கு, ஆனா ஃப்ரேம் ரேட் ரொம்ப கம்மி, ரெக்கார்டிங்க்கு அத நான் சொல்ல மாட்டேன்.

கன்சோல் பக்கம் செய்ய வேண்டியது

கன்சோல்ல லூமா3டிஎஸ் கஸ்டம் ஃபர்ம்வேர் (நின்டெண்டோ குடுக்காத ஆப்களையும் ஓட விடுற மாதிரி மாத்தின சிஸ்டம் மென்பொருள்) இருக்கணும். அது இல்லன்னா "3டிஎஸ் ஹேக்ஸ் கைடு"ன்னு தேடுங்க, எழுத்து வடிவத்துல இலவசமா இருக்கு, ஒவ்வொரு வரியா படிச்சு செய்யுங்க. யூடியூப் வீடியோ பாத்து செய்யாதீங்க, வீடியோ பழசாகி இருந்தா முறை மாறியிருக்கும், தப்பான ஃபைல போட்டு கன்சோல் போயிடும். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எஸ்டி கார்டுல இருக்கிறத எல்லாம் கம்ப்யூட்டருக்கு காப்பி பண்ணி வச்சுக்கோங்க, கார்டு 32 ஜிபிக்கு மேல இருந்தா எஃப்ஏடி32ல ஃபார்மேட் பண்ணணும். காசு கேட்டு இதெல்லாம் விக்கிறவங்க பக்கமே போகாதீங்க.

அடுத்து பூட்என்டிஆர் செலக்டர், அதாவது திரைப் படத்த வைஃபைல அனுப்புற என்டிஆர்ங்கிற மென்பொருள கன்சோல்ல ஏத்துற ஆப். இதோட சிஐஏ ஃபைல (3டிஎஸ் ஆப்போட இன்ஸ்டால் ஃபைல்) எஸ்டி கார்டுல போட்டு எஃப்பிஐங்கிற இன்ஸ்டாலர் ஆப் வழியா இன்ஸ்டால் பண்ணுங்க. மோட்3ன்னு ஒரு வெர்ஷன் தனியா இருக்கும், அதையே எடுத்துக்கோங்க. ஹோம் மெனுவுல இருந்து அத ஓப்பன் பண்ணி என்டிஆர் 3.6 செலக்ட் பண்ணுங்க, லோட் ஆகி திரும்ப ஹோம் மெனுவுக்கே வந்துடும், எக்ஸ் ஒய் ரெண்டையும் சேத்து அமுக்கினா என்டிஆர் மெனு வந்தா எல்லாம் சரி. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, கன்சோல ஆஃப் பண்ணி ஆன் பண்ணா என்டிஆர் போயிடும், ஒவ்வொரு தடவையும் முதல்ல இத ஓட்டிட்டு தான் கேமுக்கு போகணும்.

வைஃபை தான் எல்லாமே

படம் விட்டு விட்டு வருது, திக்கி திக்கி வருதுன்னு புலம்புறவங்கள்ல பாதிப் பேருக்கு மேல பிரச்சனை இங்க தான் இருக்கும்னு நான் நினைக்கிறேன். 3டிஎஸ் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல மட்டும் தான் சேரும், அதுவும் பழைய ஜி வகை, உங்க ரவுட்டரோட 5 கிகாஹெர்ட்ஸ் பேர் அதுக்கு கண்ணுலயே தெரியாது. ரவுட்டர்ல வைஃபை பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் வச்சிருந்தாலும் சேராது, டபிள்யூபிஏ2ன்னு மாத்துங்க. படம் யூடிபி (போய்ச் சேந்துதான்னு சரிபாக்காம அனுப்புற முறை) வழியா வர்றதால வழியில ஒரு பாக்கெட் தொலைஞ்சா திரும்ப வராது, அந்த ஃப்ரேமே போச்சு. அதனால கம்ப்யூட்டர கேபிள் போட்டு ரவுட்டர்ல நேரா மாட்டுங்க, கன்சோல் மட்டும் காத்துல பேசட்டும். ரவுட்டர் இருக்கிற அதே ரூம்ல உக்காந்து விளையாடுங்க. அபார்ட்மெண்ட்ல இருக்கிறவங்க பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் எந்த சேனல்ல இருக்குன்னு ஃபோன் ஆப்ல பாத்து 1, 6, 11ல காலியா இருக்கிறதுக்கு மாத்துங்க. ப்ளூடூத் ஹெட்செட்டும் மைக்ரோவேவும் அதே 2.4ல தான் இருக்கு, அதையும் கொஞ்சம் நேரம் நிறுத்தி வைங்க.

கன்சோலோட ஐபி நம்பர் வேணும். எஃப்பிஐல ரிமோட் இன்ஸ்டால் உள்ள நெட்வொர்க் வழியா வாங்குறதுன்னு இருக்கிறத திறந்தா திரையிலேயே காட்டும், 192.168ன்னு ஆரம்பிக்கிற மாதிரி இருக்கும். ரவுட்டர் செட்டிங்ல அந்த ஐபிய கன்சோலுக்கே ஒதுக்கி வச்சுட்டா தினமும் தேட வேண்டாம்.

கம்ப்யூட்டர்ல ஸ்நிக்கர்ஸ்ட்ரீம்

விண்டோஸ்க்கு ஸ்நிக்கர்ஸ்ட்ரீம்னு ஒரு இலவச ஆப், கன்சோல் அனுப்புற படத்த வாங்கி ஜன்னல்ல காட்டும். திறந்து ஐபிய போட்டு என்டிஆர் செலக்ட் பண்ணி கனெக்ட் அமுக்குங்க. விண்டோஸ் ஃபயர்வால் கேட்டா அனுமதி குடுங்க, அப்படியும் கருப்பாவே இருந்தா ஃபயர்வால்ல யூடிபி 8001 போர்ட்ட திறந்து விடுங்க. ஆரம்பத்துல ரெடிமேட் ப்ரீசெட்ல பேலன்ஸ்டு வச்சு பாருங்க. ஜேபெக் குவாலிட்டி ஏத்தினா படம் தெளிவாகும் ஃப்ரேம் குறையும், இறக்கினா நேர்மாறு. ப்ரையாரிட்டி ஃபேக்டர்னா முக்கியமான ஸ்க்ரீனுக்கு எத்தனை ஃப்ரேம் அனுப்பிட்டு அடுத்த ஸ்க்ரீனுக்கு ஒண்ணு அனுப்பணும்ங்கிற கணக்கு, கீழ் ஸ்க்ரீன்ல வெறும் மேப் மட்டும் இருக்கிற கேம்னா மேல் ஸ்க்ரீனுக்கு அள்ளி குடுங்க. 3டி ஸ்லைடர முழுசா இறக்கிடுங்க. லோக்கல் வயர்லெஸ்ல நண்பரோட விளையாட போனா கன்சோல் வைஃபைய அதுக்கு எடுத்துக்கும், ஸ்ட்ரீம் நின்னுடும், மூடிய மூடினாலும் அப்படித்தான்.

மானிட்டர பாத்து விளையாடாதீங்க. படம் கொஞ்சம் லேட்டா தான் வரும், கன்சோல் திரைய பாத்தே விளையாடுங்க, மானிட்டர் ரெக்கார்டிங்க்கு மட்டும்.

ஓபிஎஸ்ல ரெக்கார்டிங்

ஓபிஎஸ்ங்கிறது கம்ப்யூட்டர் திரைய ரெக்கார்ட் பண்ற இலவச ஆப். அதுல கேன்வாஸ் (ரெக்கார்ட் ஆகுற படத்தோட அளவு) 1920க்கு 1080 வைங்க. விண்டோ கேப்சர்ல ஸ்நிக்கர்ஸ்ட்ரீம் ஜன்னல ரெண்டு தடவ சேருங்க, ஆல்ட் கீய பிடிச்சுட்டு ஓரத்த இழுத்தா க்ராப் ஆகும், ஒண்ணுல மேல் ஸ்க்ரீன் மட்டும், இன்னொண்ணுல கீழ் ஸ்க்ரீன் மட்டும் விடுங்க. மேல் ஸ்க்ரீன் 400க்கு 240, மூணு மடங்கு பண்ணா 1200க்கு 720. கீழ் ஸ்க்ரீன் 320க்கு 240, ரெண்டு மடங்குல 640க்கு 480. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வச்சா 1840 தான் வருது, அழகா அடங்கிடும். ரைட் க்ளிக்ல ஸ்கேல் ஃபில்டரிங் போயி பாயிண்ட் வைங்க, முழு மடங்கா பெருசாக்கினதால பிக்சல் மங்காம கூர்மையா நிக்கும்.

ரெக்கார்டிங் ஃபார்மேட் எம்கேவி வைங்க. நடுவுல கரண்ட் போனாலும் அதுவரைக்கும் வந்தது தப்பிச்சுடும், எம்பி4ல நேரா எடுத்தா மொத்த ஃபைலும் போக வாய்ப்பு இருக்கு. அப்புறமா ஃபைல் மெனுவுல ரீமக்ஸ் குடுத்து எம்பி4 ஆக்கிக்கலாம், குவாலிட்டி குறையாது.

சவுண்டு எங்க?

இதுல தான் நிறைய பேர் குழம்புறாங்க. இந்த முறையில என்டிஆர் படத்த மட்டும் தான் அனுப்பும், சவுண்டு வராது. அதுக்கு ஒரு வயர் போட்டே ஆகணும், ரெண்டு பக்கமும் 3.5 எம்எம் பின் இருக்கிற ஆடியோ கேபிள், ஒரு முனை கன்சோல் ஹெட்ஃபோன் ஓட்டைல, இன்னொண்ணு கம்ப்யூட்டர் பின்னாடி நீல கலர் லைன்-இன்ல. லேப்டாப்ல ஒரே ஓட்டை தான் இருந்தா நேரா சொருகாதீங்க, அது ஹெட்செட் மைக்குக்கானது, லைன்-இன் இருக்கிற சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கிக்கோங்க.

ஓபிஎஸ்ல ஆடியோ இன்புட் கேப்சர் சேத்து அந்த லைன்-இன்ன செலக்ட் பண்ணுங்க. பின் சொருகினதும் கன்சோல் ஸ்பீக்கர் கட் ஆயிடும், அதனால அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸ்ல மானிட்டர் அண்ட் அவுட்புட் வச்சா கம்ப்யூட்டர் ஹெட்ஃபோன்லயே கேக்கலாம். ங்ங்னு ஒரு இரைச்சல் வந்தா சார்ஜர கழட்டி பாருங்க, அதுல போயிட்டா கிரவுண்ட் லூப் (சார்ஜரும் கம்ப்யூட்டரும் ரெண்டு வழியா கிரவுண்ட்ல சேர்றதால வர்ற இரைச்சல்) தான், சார்ஜ் முழுசா ஏத்திட்டு பேட்டரில விளையாடுங்க.

கடைசியா சிங்க். சவுண்டு வயர்ல உடனே வந்துடும், படம் வைஃபைல சுத்தி லேட்டா வரும். மெனுல கர்சர் நகரும்போது டிக்குன்னு சத்தம் வர்ற இடமா பாத்து ஒரு நிமிஷம் டெஸ்ட் ரெக்கார்ட் பண்ணுங்க, அத மெதுவா ஓட்டி கர்சர் நகர்றதுக்கும் சத்தத்துக்கும் எவ்வளவு இடைவெளின்னு பாத்து அந்த மில்லிசெகண்ட அதே அட்வான்ஸ்டு ஆடியோ பக்கத்துல சிங்க் ஆஃப்செட்ல போடுங்க. ஜேபெக் குவாலிட்டி மாத்தினாலோ வேற ரூம்ல உக்காந்தாலோ இந்த இடைவெளி மாறலாம், அப்போ திரும்ப ஒரு டெஸ்ட் எடுத்துட்டு நீளமான ரெக்கார்டிங்க ஆரம்பிங்க.