கத்தரியில் கலப்பு: முள்ளையும் நோய் தாங்கும் குணத்தையும் பிரிப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் கோப்பாய், இணுவில் பக்கத்துச் செம்மண்ணில் சின்ன வெங்காயம் நன்றாக வரும். ஆனால் இந்த வேலைக்கு அது சரிவராது. குமிழை நட்டு வளர்ப்பதால் ஒவ்வொன்றும் தாய்ச்செடியின் பிரதிதான். பரம்பரையலகுகள் (குணங்களைத் தீர்மானிக்கும் ஜீன்கள்) புதிதாகக் கலந்துவர விதை வேண்டும். கத்தரியை எடுங்கள். பூ பெரிது, கை பழகுவதற்கு நல்லது.

படி 1: பெற்றோர்
ஒன்று முள் உள்ள, வாடல் நோயைத் தாங்கும் கத்தரி. மற்றது முள் இல்லாதது, ருசியானது, ஆனால் வாடிவிடும். கணக்கு விளங்குவதற்காக இரண்டு குணத்துக்கும் ஒவ்வொரு பரம்பரையலகு, இரண்டும் ஆட்சியானவை (ஒரு பிரதி இருந்தாலே குணம் தெரியும்), ஒரே நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) அருகருகே இருக்கின்றன என்று வைப்போம்.

படி 2: கலப்பு
முள் இல்லாத செடியில் நாளை விரியப்போகும் மொட்டு ஒன்றைப் பின்னேரம் திறந்து, மஞ்சள் மகரந்தக்கூடுகளை எல்லாம் கிள்ளி எடுங்கள். குறி (மகரந்தத்தை ஏற்கும் நுனி) அவற்றுக்கு மேலே நீட்டி நிற்கும் பூதான் காய்க்கும். கடதாசிப் பையால் மூடுங்கள். காலையில் மற்றச் செடியின் மகரந்தத்தைக் குறியில் தடவி, திரும்ப மூடி, நூல் கட்டி அடையாளம் வையுங்கள். காய் மஞ்சளாகும்வரை பறிக்க வேண்டாம்.

படி 3: பின்கலப்பு
முதல் தலைமுறைக் கன்றுகள் எல்லாமே முள்ளோடு, நோயைத் தாங்கி நிற்கும். இதைப் பார்த்துப் பலர் மனம் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். குறுக்குப் பரிமாற்றம் இந்தச் செடி தன் மகரந்தத்தையும் சூல்களையும் ஆக்கும்போதுதான் நமக்குப் பயன்படும். கத்தரியின் 12 சோடி நிறமூர்த்தங்களும் அப்போது சோடி சோடியாகச் சேர்ந்து துண்டுகளை மாற்றிக்கொள்ளும்; இதுதான் குறுக்குப் பரிமாற்றம், ஒட்டியிருந்த இரண்டு குணமும் இதில்தான் பிரியும். ஒரு சோடியில் வழக்கமாக ஒன்றிரண்டு இடத்தில்தான் மாற்றம் நடக்கும். ஆகவே இந்தச் செடியை முள் இல்லாத பெற்றோருடன் மறுபடியும் கலவுங்கள்.

படி 4: எத்தனை கன்று?
நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான். இரண்டு பரம்பரையலகுக்கும் இடைத்தூரம் 2 சென்டிமோர்கன் (பரிமாற்றத்தால் பிரியும் வாய்ப்பைக் கொண்டு அளக்கும் தூரம்) என்றால், 100 கன்றில் சராசரியாக 2 மட்டுமே புதுச் சேர்க்கை. அதில் ஒன்றுக்கு முள் உண்டு, தாங்குதிறன் இல்லை. நமக்குத் தேவையானது முள் இல்லாமல் நோயைத் தாங்கும் மற்றது ஒன்றுதான். அது ஒன்றாவது கிடைக்கும் என்று 95 சதவீதம் நம்ப ஏறத்தாழ 300 கன்று வேண்டும். பத்துக் கன்று வைத்துவிட்டு, கலப்பு சரிவரவில்லை என்று சொல்லக்கூடாது. இலையில் முள் தெரிந்தவுடன் அந்தக் கன்றுகளைக் கழித்தால் நடுவதற்குப் பாதிதான் மிஞ்சும்.

இடமும் முக்கியம். பல பயிர்களில் பரிமாற்றம் நிறமூர்த்தத்தின் நுனிப்பக்கம் அதிகம். சென்ட்ரோமியரை (நிறமூர்த்தத்தின் இடுங்கிய பகுதியை) ஒட்டிய பகுதியில் மிகக் குறைவு. தக்காளியில் புகையிலைச் சித்திர வைரசைத் தாங்கும் டிஎம்-2 என்ற பரம்பரையலகு காட்டுத் தக்காளியிலிருந்து வந்தது. அது 9ஆம் நிறமூர்த்தத்தில் அப்படியான பகுதியில் இருப்பதால், பல தடவை பின்கலப்புச் செய்த இனங்களிலும் காட்டுத் துண்டு நீளமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

படி 5: தெரிவு
மிஞ்சிய கன்றுகளை வாடல் உள்ள நிலத்தில் நடுங்கள். பட்டுப்போகாமல் நிற்கும் செடியின் பூக்களை விரியுமுன்பே மூடி, தன் மகரந்தத்தாலேயே காய்க்க விடுங்கள். ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனியே வைத்து, அடுத்த தலைமுறையையும் இப்படியே சோதியுங்கள். எந்தச் செடியின் பிள்ளைகள் ஒன்றுகூட வாடவில்லையோ, அதன் விதையைப் பெருக்கலாம்.