வோல்ட், ஆம்பியர், வாட்: இடம் மாறக் கூடாத பெயர்கள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் விளக்கு மங்கினால், "கரண்ட் கம்மியாக வருகிறது" என்பார்கள். உண்மையில் 230 வோல்ட்டாக இருக்க வேண்டிய மின்னழுத்தமே முதலில் குறைகிறது. பேச்சில் பாதகமில்லை என்றாலும், அழுத்தம், ஓட்டம் (கரண்ட்) இரண்டையும் ஒன்றாக எண்ணும் பழக்கம் ஆபத்தானது. 1800இல் மின்னடுக்கை (பேட்டரியின் முன்னோடியை) உருவாக்கிய இத்தாலியரான வோல்ட்டாவின் பெயர் தள்ளும் அழுத்தத்துக்கும், மின்னோட்டம் பாயும் கம்பிகளுக்கிடையிலான விசையை ஆராய்ந்த பிரெஞ்சுக்காரரான ஆம்பியரின் பெயர் ஓட்டத்துக்கும் 1881ஆம் ஆண்டுப் பாரிஸ் மாநாட்டில் ஏற்கப்பட்டன. வோல்ட் பொருந்துகிறது என்று மட்டும் பார்த்து, 2,000 வாட் கீசரை 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால், ஏறத்தாழ 8.7 ஆம்பியர் பாய்ந்து அந்தப் பிளக் சூடேறி உருகக்கூடும். அதற்கு 16 ஆம்பியர் பிளக்தான் வேண்டும்.

வாட் மின்சாரத்துக்கு மட்டுமே உரிய அலகு என்பதும் தவறு. நீராவி இயந்திரத்தை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட் 1819இல் மறைந்தார். மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதை டென்மார்க் அறிவியலாளர் ஓர்ஸ்டெட் கண்டதே அதற்கு அடுத்த ஆண்டில்தான். ஆற்றல் எவ்வளவு வேகமாகச் செலவாகிறது என்பதையே வாட் சொல்கிறது: ஒரு வாட் என்றால் விநாடிக்கு ஒரு ஜூல்.

பிள்ளைகளின் நோட்டுகளில் நான் மிகுதியாகத் திருத்துவது "மணிக்கு ஒரு கிலோவாட்" என்னும் தொடரையே. வேகத்தை மீண்டும் நேரத்தால் வகுப்பதற்கு இங்கே பொருளில்லை. கிலோவாட்டை மணியால் பெருக்கினால் கிடைக்கும் கிலோவாட்-மணியே நாம் யூனிட் என்று அழைக்கும் 36 லட்சம் ஜூல். நம் மின்கட்டண ரசீதில் அனுமதிக்கப்பட்ட மின்சுமை கிலோவாட்டிலும், செலவான மின்சாரம் யூனிட்டிலும் தனித்தனியே இருப்பது இதனால்தான். அந்த 2,000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் ஆகும்.

இன்வெர்ட்டர் வாங்குவோர் "150 ஆம்பியர் பேட்டரி" என்று கேட்பதிலும் மணி விடுபட்டுப்போகிறது. அது 150 ஆம்பியர்-மணி, அதாவது 5,40,000 கூலும் மின்னூட்டம். 12 வோல்ட்டால் பெருக்கினால் 1.8 யூனிட்தான் வரும். முழுவதையும் நாம் பயன்படுத்தவும் இயலாது.

குறியீடுகளில் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் மாற்றி எழுதக் கூடாது. மின்தடையை அளக்கும் ஓம் அலகுக்கு முன் சிறிய எம் வந்தால் மில்லி, பெரிய எம் வந்தால் மெகா. இரண்டுக்கும் இடையே நூறு கோடி மடங்கு வேறுபாடு உண்டு.