4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடும் மூச்சுப் பயிற்சி: தொடங்குவது எப்படி?

மூச்சுப் பயிற்சி என்றதும் பலர் மார்பை விடைத்துக்கொண்டு காற்றை இழுக்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் தலை சுற்றுகிறது. "நமக்கு ஒத்துவராது" என்று விட்டுவிடுகிறார்கள். தேவைக்கு மேல் காற்று போய்வந்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலைசுற்றல், விரல்நுனியிலும் உதட்டோரத்திலும் மரமரப்பு எல்லாம் அதனால்தான். இந்தப் பயிற்சியில் இழுக்கும் முயற்சியைக் கூட்டாமல், வேகத்தை மட்டும் குறைக்க வேண்டும்.

ஓய்வாக இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். 4 நொடி இழுத்து 6 நொடி விட்டால் அது 6 முறையாகிவிடும். இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், விடும்போது மெதுவாகவும் துடிக்கும். வெளிமூச்சின்போது இதயத்தின் வேகத்தை அடக்குவது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு. நிமிடத்துக்கு 6 என்ற தாளத்தில் இந்த ஏற்ற இறக்கம் நன்றாகப் பெரிதாகிறது. மணிக்கட்டில் நாடி பிடித்தபடி செய்து பாருங்கள், உங்களுக்கே தெரியும். படபடப்பும் கோபமும் தணிவது இந்த வழியில்தான்.

முதல் வாரம் படுத்தபடி. சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். தொப்புளுக்கு மேலே அரை கிலோ உளுந்துப் பொட்டலம் ஒன்றை வையுங்கள். இழுக்கும்போது பொட்டலம் எழ வேண்டும், தோள் அசையக் கூடாது. உதரவிதானம் (மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசை) இறங்குகிறதா என்பதைக் காட்ட இதைவிட எளிய கருவி இல்லை. இது பழகிவிட்டால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தே செய்யலாம்.

எண்ணிக்கை. செயலி வேண்டாம், போனைக் கையில் எடுத்தால் கவனம் வேறெங்கோ போய்விடும். 4, 6 என்பதை மனதுக்குள் எண்ணுங்கள். ஒவ்வொரு மூச்சு முடிந்ததும் கட்டைவிரலை அடுத்த விரல் கணுவுக்கு நகர்த்துங்கள். நான்கு விரலுக்கு 12 கணு. இரண்டரைச் சுற்று வந்தால் 30 மூச்சு, 5 நிமிடம்.

சிக்கல் வரும் இடம்: வெளிமூச்சு. முதல் இரண்டு நொடியிலேயே காற்றையெல்லாம் கொட்டிவிட்டு, மிச்ச நான்கு நொடிக்கு வயிற்றை இறுக்கிக்கொண்டு திணறுவார்கள். அடுத்த மூச்சு தானாகவே வெடுக்கென்று வரும், தாளம் கெடும். வாயைச் சற்றே குவித்து, எதிரே ஓர் அகல்விளக்கு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சுடர் சாய வேண்டும், அணையக் கூடாது. அந்த அளவு பிடிபட்டபின் மூக்கு வழியாகவே விடலாம். அப்படியும் மூச்சு முட்டினால் 3 இழுத்து 4 விடுங்கள், சில நாள் கழித்து ஒவ்வொரு நொடியாகக் கூட்டுங்கள். ஆறுக்காக அடம்பிடித்தால் படபடப்புதான் மிஞ்சும்.

ஒரு பக்க மூக்கு அடைத்திருந்தால் பயப்பட வேண்டாம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாறுவது இயல்பு. அடைத்த பக்கம் மேலே இருக்கும்படி ஒருக்களித்துச் சிறிது நேரம் படுத்தால் பெரும்பாலும் திறந்துகொள்ளும்.

மூச்சை உள்ளே நிறுத்துவதைத் தொடங்குபவர்கள் தொடவே வேண்டாம். திருமூலர் சொல்லும் 16 இழுத்து, 64 அடக்கி, 32 விடும் கணக்கைப் படித்துவிட்டு நேராக அதில் இறங்குகிறவர்கள் உண்டு. 64 மாத்திரை (கண்ணிமைக்கும் நேர அளவு) அடக்குவது குருவிடம் இருந்து பழக வேண்டியது. கர்ப்பிணிகளும் உயர் ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும்.

பலன்? மனம் அடங்குவது அன்றே தெரியும். 2023-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வொன்றில், வெளிமூச்சை நீட்டும் பயிற்சியைத் தினம் 5 நிமிடம் ஒரு மாதம் செய்தவர்களின் மனநிலை, தியானம் செய்தவர்களைவிடக் கூடுதலாக மேம்பட்டது. ரத்த அழுத்தத்தில் கிடைக்கும் இறக்கம் சிறியது. அதை நம்பி மாத்திரையையோ, ஆஸ்துமா இன்ஹேலரையோ நிறுத்திவிடாதீர்கள்.

மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடுகிறவர்கள் கண்ணை மூட வேண்டாம். மூச்சைக் கவனிப்பதை விட்டுவிட்டு, கட்டைவிரல் தொடும் கணுவில் கவனத்தை வையுங்கள்.