ஓவியத்தில் நிழலைப் பார்ப்பது எப்படி?

ஓர் ஓவியத்தின் முன் நின்றதும் நம் கண் முகங்களைத்தான் முதலில் தேடும். ஓவியர் எப்படிச் சிந்தித்தார் என்பதை அறிய விரும்புகிறவர், அந்தப் பழக்கத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, நிழல்களிலிருந்து பார்வையைத் தொடங்குவது நல்லது.

முதலில் இருவகை நிழல்களைப் பிரித்தறியுங்கள். மேசைமேல் ஒரு பந்தை வைத்து ஒருபுறம் விளக்கேற்றினால், பந்தின் மறுபுறம் இருள்வது தன்னிழல். மேசைப் பரப்பில் படிவது விழுநிழல். தன்னிழல் பொருளுக்குத் திரட்சியைத் தருகிறது. விழுநிழலோ பொருள் எங்கே நிற்கிறது, ஒளி எங்கிருந்து வருகிறது என்ற இரண்டையும் சொல்லிவிடுகிறது. சீன, ஜப்பானிய மரபு ஓவியர்கள் விழுநிழலைப் பெரும்பாலும் வரையவில்லை. அதைத் திறமைக் குறைவாகக் கருதுவது தவறு. எதை விடுவது என்பதும் ஓவியரின் முடிவுதான்.

அடுத்து, விழுநிழலைப் பற்றிக்கொண்டு ஒளியின் இருப்பிடத்துக்குச் செல்லுங்கள். புளோரன்ஸ் நகரின் பிராங்காச்சி சிற்றாலயத்தில் மசாச்சோ 1420களில் தீட்டிய சுவரோவியம் ஒன்றில், புனித பேதுரு நடந்துவர, அவர் நிழல் பட்ட நோயாளிகள் குணமடைகிறார்கள். அங்கே ஒளி வரும் திசை, அச்சிற்றாலயத்தின் உண்மையான சாளரம் அமைந்திருக்கும் திசையே. பார்ப்பவர் நிற்கும் இடமும் பேதுரு நடக்கும் தெருவும் ஒரே வெளிச்சத்தில் இணைந்துவிடுவதால், கதையின் அற்புதம் கண்ணெதிரே நிகழ்வதுபோல் தோன்றுகிறது.

பிறகு நிழலின் விளிம்பைக் கவனியுங்கள். கூர்மையான வெளிச்சத்தைத் தவிர்த்த லியொனார்டோ டா வின்சி, மாலையிலும் மேகமூட்டத்திலும் தெருவில் தெரியும் முகங்களின் மென்மையைப் பாருங்கள் என்று தம் குறிப்புகளில் எழுதினார். அவர் ஓவியங்களில் ஒளி எங்கே முடிந்து இருள் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட இயலாது. கரவாஜ்ஜோ இதற்கு நேர்மாறானவர். ரோமில் உள்ள அவருடைய ‘புனித மத்தேயுவின் அழைப்பு’ (1599–1600) ஓவியத்தைக் கண்களைப் பாதி மூடியபடி பார்த்தால், நுணுக்கங்கள் மறைந்து, இருளும் ஒளியும் இரண்டு பெரும் பரப்புகளாக எஞ்சும். மத்தேயுவைத் தம் சீடராக அழைக்க வந்த இயேசுவின் உடல் பெரும்பாலும் இருளுக்குள் இருக்க, முகத்தின் ஒரு பகுதியும் நீட்டிய கையும் மட்டுமே வெளியே தெரிகின்றன. அழைப்பு என்பதை ஒரு கையாக மட்டும் சுருக்கிக் காட்டிய அந்தத் துணிவுக்கு இணையாக நான் வேறெதையும் கண்டதில்லை.

சிறிய நிழல்களையும் விட்டுவிடாதீர்கள். ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ (1642) ஓவியத்தில், படைத்தலைவர் நீட்டிய கையின் நிழல் அருகில் இருப்பவரின் மஞ்சள் உடுப்பில் விழுகிறது. அந்த ஒரு நிழலை விரலால் மறைத்துப் பார்த்தால், கை நம்மை நோக்கி நீள்வது நின்றுபோய், தட்டையாகிவிடும்.

நிழலின் நிறத்தைத் தனியாகப் பாருங்கள். நிழல் என்பது ஒளியே இல்லாத இடமன்று. வெயில் மறைக்கப்பட்ட இடத்திலும் வானத்தின் நீல ஒளி படிகிறது. மோனே 1868–69இல் தீட்டிய ‘மேக்பை’ ஓவியத்தில், வேலியின் நிழல் பனிமேல் நீலமாகக் கிடப்பதற்குக் காரணம் அதுவே. சலோன் எனப்படும் பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சி 1869இல் அந்த ஓவியத்தை ஏற்க மறுத்தது. ஐயமிருந்தால், வெயில் நேரத்தில் வெள்ளைத் தாளின்மேல் விழும் நிழலைச் சாம்பல் நிற அட்டையின் அருகில் வைத்து ஒப்பிடுங்கள்.

கடைசியாக, உரியவர் இல்லாத நிழல்களைத் தேடுங்கள். இயேசு சிலுவையில் அறையப்பட்ட இடமான கொல்கொதாவை ஜெரோம் 1867இல் வரைந்த ஓவியத்தில் சிலுவைகளே இல்லை. அவற்றின் நிழல்கள் மட்டும் தரையில் விழுந்து கிடக்கின்றன. ஜார்ஜோ தெ கிரிகோவின் 1914ஆம் ஆண்டுத் தெரு ஓவியத்தில், வளையம் உருட்டியபடி ஓடும் சிறுமியின் எதிரே, கட்டடத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் யாரோ ஒருவரின் நீண்ட நிழல் நீட்டிக்கொண்டிருக்கிறது. அவள் அதை நோக்கித்தான் ஓடுகிறாள்.