சில்லு நட்டுக்கு ரீகோல் வந்தால்: கொழும்பு லொறிக்காரருக்கு

சில்லு நட் தளர்கிறது என்று ஒரு கம்பனி லொறிகளைத் திருப்பிக் கூப்பிட்டால், பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடந்திருக்கும். தொழிற்சாலையில் நட்டை உரிய அளவுக்கு இறுக்கவில்லை. அல்லது ரிம்மிலோ ஹப்பிலோ (ரிம் பொருந்தும் நடுப் பாகம்) பெயின்ட் தடிப்பாகப் படிந்துவிட்டது. அல்லது ஸ்டட்டோ (நட் ஏறும் மரை போட்ட கம்பி) ஹப்போ பலமில்லாமல் வந்துவிட்டது. எது என்பதை அறிவித்தலில் தேடிப் பாருங்கள். முதலாவதுக்கு ஒரு டோர்க் ரென்ச், அதாவது இறுக்கத்தை அளந்து இறுக்கும் சாவி, போதும். மூன்றாவதுக்கு எத்தனை தரம் இறுக்கினாலும் பிரயோசனமில்லை.

2002 ஜனவரியில் யோகோஹாமாவில் மிட்சுபிஷி பார லொறியொன்றின் முன் சில்லு கழன்று ஓடி, பிள்ளைகளோடு நடைபாதையில் போன தாயொருவரை அடித்துக் கொன்றது. பராமரிப்பு சரியில்லை என்றுதான் கம்பனி முதலில் சொன்னது. ஹப்பிலேயே குறை என்று ஒப்புக்கொண்டு ரீகோல் செய்தது 2004இல். அங்கே உடைந்தது ஹப். நட்டை எவ்வளவு நன்றாக இறுக்கியிருந்தாலும் அந்தச் சில்லு போயிருக்கும்.

உங்கள் லொறி பட்டியலில் இருக்கிறதா?

இங்கே புதிதாக வாங்கிய லொறி என்றால் செஸி நம்பரோடு ஏஜென்டிடம் போங்கள். இசுசுவுக்கு சதொச மோட்டர்ஸ், டாடாவுக்கு டிமோ, அசோக் லேலண்டுக்கு லங்கா அசோக் லேலண்ட். புத்தகத்தில் உள்ள நம்பரையும் செஸியில் அடித்திருக்கும் நம்பரையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே போங்கள்.

ரெக்கண்டிஷன் லொறிக்கு எந்தக் கடிதமும் வீடு தேடி வராது. ஜப்பான் கம்பனியின் பதிவில் உங்கள் பெயர் இல்லை. ஜப்பான் வண்டிகளின் நம்பர் 17 எழுத்து கொண்டதல்ல. மாதிரிக் குறியீடு, ஒரு சிறு கோடு, பிறகு 6 அல்லது 7 இலக்கம். இதைக் கம்பனியின் ஜப்பானிய இணையத்தளத்தில் ரீகோல் தேடும் பக்கத்தில் போட்டால் வண்டிக்கு ரீகோல் இருக்கிறதா, வேலை முடிந்ததா என்று காட்டும். போனில் உள்ள மொழிபெயர்ப்பே போதும். அந்தத் திரையைப் படமெடுத்து ஏஜென்டிடம் காட்டுங்கள். இலவசமா, பணமா என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ரீகோல் வேலைக்கு நாள் வரும்வரை ஓடலாமா?

ஒவ்வொரு காலையும், லோட் ஏற்றுமுன், சில்லு குளிர்ந்திருக்கும்போது சுற்றிப் பாருங்கள். நட்டிலிருந்து ரிம்மில் துரு வடிந்த கோடு இருந்தால் அங்கே அசைவு இருக்கிறது. நட்டைச் சுற்றி இரும்பு பளிச்சென்று மின்னினால் அதுவும் அப்படித்தான். ஒரு ஸ்டட் மட்டும் மற்றவற்றைவிட வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த நட் பின்வாங்கியிருக்கிறது. நட் ஓட்டைகளுக்கிடையே ரிம்மில் மயிர்க்கோடு கண்டால் அந்த ரிம் பழைய இரும்புக்கு.

கண்ணுக்குத் தெரியாத தளர்வுக்குச் சுத்தியல் இருக்கிறது. நட்டின் ஒரு பக்கத்தில் விரலை வைத்து, எதிர்ப்பக்கத்தைச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். இறுகிய நட் கணீர் என்னும். தளர்ந்தது மழுங்கலாகச் சத்தமிடும், விரலிலும் வேறு மாதிரி அதிரும். எல்லா நட்டையும் வரிசையாகத் தட்டினால் வித்தியாசமானது தானாகக் காட்டிக்கொடுக்கும்.

இடது பின் சில்லை இரண்டு தரம் பாருங்கள். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் ஜப்பானில் அதிகம் கழல்வது அதுதான். இடப்பக்கம் திரும்பும்போது அது நின்ற இடத்தில் முறுகுகிறது. வலப்பக்கம் வேகமாக வளைக்கும்போது பாரம் அதன்மேல் சாய்கிறது. ரோட்டுச் சரிவும் அந்தப் பக்கந்தான். துறைமுகத்திலிருந்து கொன்டெய்னரோடு ஒருகொடவத்தைக்குப் போகிற தூரத்திலேயே எத்தனை திருப்பம் என்று எண்ணிப் பாருங்கள்.

இறுக்குமுன்: எந்த வகை?

நட் 33 மில்லிமீற்றர், கீழே சுழலும் வட்டு, எல்லாப் பக்கமும் வலது மரை என்றால் ஐஎஸ்ஓ (ISO, சர்வதேசத் தரம்) வகை. ரிம் நடுவில் ஹப்பில் உட்கார்ந்திருக்கும், நட் அழுத்திப் பிடிக்க மட்டுந்தான்.

நட் 41 மில்லிமீற்றர், அடி உருண்டை, பின் இரட்டைச் சில்லில் உள் நட் தனி, வெளி நட் தனி என்றால் பழைய ஜப்பானிய ஜிஸ் (JIS, ஜப்பானின் சொந்தத் தரம்) வகை. இதில் இடப்பக்கச் சில்லுகளுக்கு இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் இறுகும். ஸ்டட் நுனியில் ஆங்கில எழுத்தொன்று அடித்திருக்கும், பார்க்காமல் எயார் கன்னை வைக்காதீர்கள். கழற்றுவதாக நினைத்து இறுக்கி ஸ்டட்டை முறித்த பாஸ்மார் பஞ்சிகாவத்தையில் ஸ்டட் தேடி அலைவது இப்படித்தான்.

இரண்டு வகை நட்டையும் மாற்றிப் போடவே கூடாது. அலுமினிய ரிம் தடிப்பு, அதற்கு நீளமான ஸ்டட் வேண்டும். இரும்பு ரிம் ஸ்டட்டில் போட்டால் நட்டுக்குப் பிடிக்க மரை போதாது.

இறுக்கும் முறை

ஸ்டட் ஒரு ஸ்பிரிங் மாதிரி. இறுக்கும்போது மயிரளவு நீள்கிறது, திரும்பிச் சுருங்கப் பார்க்கிறது, அந்த இழுப்புத்தான் ரிம்மை ஹப்போடு சேர்த்துப் பிடிக்கிறது. நடுவில் துருவோ பெயின்டோ மண்ணோ இருந்தால், ஓடும்போது அது நசுங்க, இழுப்புப் போய்விடும். நட் ஒரு சுற்றுக்கூடச் சுழலாமலே தளர்ந்துவிடும்.

ஆகவே முதலில் வயர் பிரஷ். ஹப் முகம், ரிம்மின் இரு முகம், இரட்டைச் சில்லென்றால் இரண்டு ரிம்மும் சந்திக்கும் இடம், எல்லாம் இரும்பு தெரியும்வரை. புதுசாய்ப் பெயின்ட் அடித்த ரிம் என்றால் ஓட்டையைச் சுற்றிச் சுரண்டியே ஆக வேண்டும். வடிவாக இருக்கட்டும் என்று இரண்டு மூன்று பூச்சு அடித்துத் தந்த ரிம்தான் அதிகம் தளர்கிறது.

ஸ்டட் மரையில் என்ஜின் ஒயில் மெல்லியதாக. ஐஎஸ்ஓ நட்டில் நட்டுக்கும் வட்டுக்கும் இடையிலும் ஒரு துளி, வட்டின் அடியில், அதாவது ரிம்மைத் தொடும் பக்கத்தில், படக்கூடாது. வட்டு கையால் சுழலாவிட்டால் அந்த நட்டை எறியுங்கள். ஜிஸ் நட்டில் மரைக்கும் உருண்டை அடிக்கும் ஒயில் உண்டு. மொலிப்டினம் கிரீஸ் எதற்கும் வேண்டாம். அதே டோர்க்கில் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும்.

எல்லா நட்டையும் கையால் சில சுற்று ஏற்றி, மேலே உள்ளதில் தொடங்கி எதிரெதிராக இலேசாக இறுக்குங்கள். சில்லை இறக்கி வைத்தபின் அதே ஒழுங்கில் டோர்க் ரென்ச்சால் முழு இறுக்கம். ஜப்பானியப் பெரிய லொறிக்குப் பொதுவாக 550 முதல் 600 நியூற்றன் மீற்றர். எல்ஃப், கென்டர் போன்ற சின்ன லொறிக்கு இதைவிடக் குறைவு. உங்கள் வண்டியின் கையேட்டிலோ ஸ்டிக்கரிலோ உள்ள எண்தான் கணக்கு.

ரென்ச் இல்லாவிட்டால்? 60 கிலோ ஆள் ஒரு மீற்றர் பைப்பின் நுனியில் ஏறி நின்றால் ஏறத்தாழ 590. அதே நட்டில் 80 கிலோ பாஸ் ஒன்றரை மீற்றர் பைப் போட்டு நின்றால் 1,180, இரு மடங்கு. "நல்லா இறுக்கியாச்சு" என்று அவர் சொல்லும்போது ஸ்டட் நீண்டு செத்திருக்கும். எயார் கன்னும் அப்படித்தான், நட்டை ஏற்ற மட்டும் அதைப் பாவியுங்கள். டோர்க் ரென்ச்சை மெதுவாக இழுத்து ஒரு கிளிக்கில் நிறுத்த வேண்டும். அதைக் கொண்டு கழற்றக்கூடாது.

ஜிஸ் இரட்டைச் சில்லில் வெளி நட்டை மட்டும் இறுக்கினால் உள் சில்லு தளர்வு அப்படியே கிடக்கும். வெளி நட்டில் ஒன்றுவிட்டு ஒன்றைக் கழற்றி, அந்த உள் நட்டுகளை 21 மில்லிமீற்றர் சதுரச் சாவியால் இறுக்கி, வெளி நட்டை மீண்டும் போடுங்கள். பிறகு மீதிப் பாதி. நேரம் பிடிக்கும் என்பதால் டயர் கடைகளில் அதிகம் தவிர்க்கப்படும் வேலையும் இதுதான், பக்கத்தில் நின்று பாருங்கள்.

50 முதல் 100 கிலோமீற்றரில்

சில்லு கழற்றிப் போட்டால், காரணம் பஞ்சரோ ரீகோல் வேலையோ, 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் திரும்ப டோர்க் பார்க்க வேண்டும். பேலியகொடையிலிருந்து கேகாலை போகுமுன்னரே அந்தத் தூரம் வந்துவிடும். கடுகண்ணாவை இறங்கி வந்த சூட்டில் பார்க்காதீர்கள், டிரம் ஆறட்டும். ஒரு நட் கொஞ்சம் நகர்ந்தால் சாதாரணம். அரைச் சுற்றுப் போனால் சில்லைக் கழற்றிப் பாருங்கள். இரண்டாம் தரமும் தளர்ந்தால் மூன்றாம் தரம் இறுக்காதீர்கள்.

தளர்ந்த சில்லோடு ஓடிய லொறிக்கு "இறுக்கி விட்டோம்" என்று ஏஜென்ட் அனுப்பினாலும் ஏற்காதீர்கள். நட் ஓட்டை முட்டை வடிவாகியிருந்தால் ரிம் மாற வேண்டும். ஒரு ஸ்டட் முறிந்திருந்தால் அதன் இரு பக்கத்து ஸ்டட்டும் மாற வேண்டும், இரண்டு முறிந்திருந்தால் அந்தச் சில்லின் ஸ்டட் முழுவதும், நட்டோடு. வேலைச் சீட்டில் எந்தச் சில்லு, எத்தனை நியூற்றன் மீற்றர், எந்தக் கிலோமீற்றரில் என்று எழுதச் சொல்லுங்கள்.

ஓடும்போது பின்னால் டக் டக் என்று சத்தமோ ஸ்டியரிங்கில் புதிதாய் ஆட்டமோ வந்தால் களனிப் பாலமானாலும் ஓரம் கட்டுங்கள். ஒரு நட் குறைந்தாலும் அதோடு ஓட வேண்டாம், மற்றவற்றைச் சுத்தியலால் தட்டுங்கள். இரண்டு குறைந்தால் பாரத்தை வேறு லொறிக்கு மாற்றி, அந்த லொறியைத் தூக்கியே கொண்டுபோங்கள்.